கொருக்குப்பேட்டை கேட்டும் கோபக்கார நாயும்

"வீட்டுக்குள் குழந்தை மாதிரி இருக்கிறான். தெருவில் இன்னொரு நாய் கண்ணில் பட்டால் போதும், என்னையும் இழுத்துக்கொண்டு பாய்கிறான். இதற்குப் பயிற்சி உண்டா?" என்று திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வளர்ப்பு நாய்க்கு உரிமம், வெளியே வந்தால் கயிறு, வாய்மூடி, மீறினால் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025-ல் கெடுபிடி காட்டத் தொடங்கிய பிறகு, இந்தக் கேள்விக்கு அவசரம் கூடிவிட்டது.

பயிற்சி உண்டு. ஆனால் காணொளிகளில் விற்பனையாகும் சரக்கு அது அல்ல. "நீதான் தலைவன் என்று நாய்க்குக் காட்டு, மல்லாக்கப் போட்டு அமுக்கு" என்கிறார்கள். கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து கிளம்பிய கதை இது. 1970-ல் தன் புத்தகத்தில் அதைப் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு கவனித்துவிட்டு, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999-ல் தானே திருத்திக்கொண்டார். காணொளிக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. கழுத்தில் மாட்டும் மின் அதிர்ச்சிப் பட்டை இன்னொரு மோசடி. வேல்ஸ் நாட்டில் 2010-லேயே அதற்குத் தடை. எதிரே நாய் வரும்போதெல்லாம் கழுத்தில் சுரீர் என்றால், உங்கள் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? நாய் வந்தால் வலி வரும் என்றுதான். அடிக்குப் பயந்து உறுமலை நிறுத்திய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

இப்படிப் பாய்கிற நாய்களில் பல, வீரத்தால் பாய்வதில்லை, பயத்தால் பாய்கின்றன. குரைத்தேன், அந்த நாய் போய்விட்டது, பிழைத்தேன் என்பது அதன் கணக்கு. எதிர் நாய் தன் வேலையாகத்தான் போனது என்பது அதற்குத் தெரியாது. கயிறு வேறு எரிகிற தீயில் எண்ணெய். அவிழ்த்துவிட்ட நாய்கள் வளைந்து வந்து, பக்கவாட்டில் மோந்து பார்த்து அறிமுகமாகும். கயிறு இறுகிய நாயோ தலை நிமிர்ந்து, நேருக்கு நேர் முறைத்தபடி நிற்கிறது. நாய் மொழியில் அது சண்டைக்கு அழைப்பு.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். கேட் இறங்கியதும் ஒருவர் ஓடிவந்து, இலவசமாகச் சூடான சுண்டல் தருகிறார் என்று வையுங்கள். கேட் திறந்ததும் ஆளைக் காணோம். தினமும் இதே கதை. சில வாரங்களில் கேட் இறங்கும்போதே உங்களுக்கு நாக்கு ஊறும்; எரிச்சல் இருந்த இடத்தில் ஆவல் உட்கார்ந்துவிடும். ஆனால் வரிசை மாறக்கூடாது. சுண்டல்காரர் முதலில் வந்து, பிறகு கேட் இறங்கினால், "ஐயோ, சுண்டல் வந்துவிட்டது, இனி அரை மணி நேரம் போச்சு" என்று சுண்டலையே வெறுப்பீர்கள். கேட் திறந்திருக்கும்போதும் அவர் சுண்டல் நீட்டினால், கேட்டுக்கு மதிப்பே இருக்காது. மனைவியைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகும் ஆட்டோவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருந்தால், தங்கத்தட்டில் தந்தாலும் சுண்டல் இறங்காது. எல்லாம் சரியாக நடந்தாலோ, மேம்பாலம் வருகிறது என்றதும் எதிர்ப்பு மனு எழுதக் கிளம்பிவிடுவீர்கள்.

நாய்க்கும் இதேதான். முதலில் எதிர் நாய் கண்ணில் பட வேண்டும். அடுத்த நொடி வாயில் வேகவைத்த கோழி ஈரல் விழ வேண்டும். அது பார்வையில் இருக்கும் வரை துண்டு துண்டாக ஈரல், மறைந்ததும் நிறுத்தம். காசிமேட்டு மீனையும் வேகவைத்து, முள் எடுத்துத் தரலாம். கருவாடு வேண்டாம், உப்பு. ஒரு நாள் தெருநாயைப் பார்த்தவுடன் உங்கள் நாய் சட்டென்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அதுதான் திருப்பம். குரைக்கிற நாய்க்குத் தீனி தந்தால் குரைப்புக்கே பரிசாகிவிடாதா என்பார்கள். குரைக்கும் வரை நெருங்கியதே தவறு; அது அந்தப் பிரசவ ஆட்டோ நிலை. பின்வாங்கித் தூரத்தைக் கூட்டுங்கள்.

வரலாற்றைச் சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். பாவ்லோவின் நாய்களைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நமக்கு வேண்டியவர் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். முயலுக்குப் பயந்த, மூன்று வயதுகூட நிறையாத ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, முயலைத் தூரத்திலிருந்து மெல்ல மெல்ல நெருங்கவைத்தார். 1924-ல் அதை வெளியிட்டார். போதும்.

அந்தத் தூரம்தான் மருந்து. வடசென்னையில் கிடைக்காத மருந்தும் அதுவே. ராயபுரம் சந்துகளில் எதிரே வரும் நாய்க்கும் நமக்கும் நடுவே ஒரு பைக் இருந்தால் அதிகம். எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போனால் ஒரு பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய பாறை, மறுபக்கம் கன்டெய்னர் லாரி. மீன் கழிவுக்காக நாய்கள் திரளும் துறைமுகப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். மொட்டை மாடியில் தொடங்குவது என் யோசனை. கீழே நாய் போகும்போது மேலே ஈரல். ஆனால் தனியாக மாடியில் விட்டுக் குரைக்கவிட்டால் எதிர்விளைவுதான். அடுத்தது தெரு. தெருநாய்களுக்கு எல்லை உண்டு; கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது பொதுவான விதி. எந்த முனையில் எது படுத்திருக்கும் என்று இரண்டு நாள் கவனித்தால் பாதை வகுத்துவிடலாம். வாய்மூடி, நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம் தரும் கூடை வகையாக இருக்கட்டும். நம் வெயிலில் நாய் உடலைக் குளிர்விப்பது அந்த இரைப்பால்தான். வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டை ஆபத்து.

திடீரென்று குணம் மாறிய நாய்க்குப் பயிற்சி பேசாதீர்கள். காதுவலிகூடக் காரணமாக இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. வெறிநோயாகவும் இருக்கலாம்: 2023 நவம்பரில் ராயபுரத்தில் ஒரே நாய் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கடித்தது. பரிசோதனையில் அதற்கு வெறிநோய் உறுதியானது. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இந்தப் பயிற்சிக்குப் பல மாதம் பிடிக்கும். தீபாவளி வெடி ஒன்று பாதியைக் கலைத்துவிடவும் கூடும். மறுபடி தூரத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். சில நாய்கள் கடைசிவரை மற்ற நாய்களோடு சேராது. எதிர்ச்சாரியில் நாய் போகும்போது சும்மா நடந்து வந்தால் அதுவே தேர்ச்சி. பத்தே நாளில் சாதுவாக்கித் தருகிறேன் என்று உத்தரவாதம் தருகிறவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.