தீர்ப்புக்கு முன் விசாரணை

 

பிள்ளைகளின் கல்விக்கென வாங்கிய பழைய கணினியில் கிராபிக்ஸ் கார்டு பொருத்துகிறோம். கணினியோ அதனை அறிந்துகொள்ள மறுக்கிறது. உடனே "கார்டு கெட்டுவிட்டது" எனத் தீர்ப்பளித்து, தளவானூர் போன்ற சிற்றூரிலிருந்து செஞ்சிக்குச் சுமந்து சென்று பணத்தை இழக்கிறோம். விசாரியாமல் தீர்ப்பளிப்பது முறையன்று.

முதலில் மானிட்டர் கேபிளைக் கவனியுங்கள். அது மதர்போர்டிலேயே செருகப்பட்டிருந்தால், நல்ல கார்டிலும் படம் வராமற்போகலாம்.

அடுத்து, மின்னிணைப்பை முற்றிலும் துண்டியுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டபின் கார்டைக் கழற்றித் தூசு நீக்கி, மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள்.

மூன்றாவது, மின்சக்தி. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மட்டுமே தரும். கார்டின் ஓரத்தில் 6 முனை இணைப்பு இருப்பின், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் கொடுத்தாக வேண்டும்.

நான்காவது, பயாஸ் அமைப்பில் முதன்மைத் திரையாகப் புதிய கார்டு தேர்வாகியுள்ளதா எனப் பாருங்கள். மிகப் பழைய பயாஸுடன் சில புதிய கார்டுகள் ஒத்துப்போவதில்லை. பயாஸைப் புதுப்பிக்கையில் மின்சாரம் தடைப்பட்டால் மதர்போர்டே பாழாகலாம். அதை மட்டும் அனுபவசாலியிடம் விடுங்கள்.

படம் தெரிந்தும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் இல்லையேல், டிரைவரை நிறுவினாலே போதுமாயிருக்கலாம்.

இறுதிச் சாட்சி, வேறொரு கணினி. அங்கு கார்டு இயங்கினால் அது குற்றமற்றது.

வீண்விரயம் மார்க்கம் வெறுக்கும் செயல். சற்றே பொறுமை கொண்டால், இன்ஷா அல்லாஹ், பணமும் மிஞ்சும். பொருளும் குப்பைக்குப் போகாது.