கடலில் உயிரோடு இருப்பதை எண்ணுவோம்

காசிமேட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. விசைப்படகுகள் அணைந்ததும் ஏலம் களைகட்டும். வஞ்சிரம் எத்தனை கூடை, சூரை எவ்வளவு எடை, டீசலும் ஐஸும் போக எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிவாகிவிடும். எந்த மீன் எவ்வளவு இறங்கியது என்று மாதிரி எடுத்துக் குறித்துக்கொண்டு போக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்களும் வருவார்கள்.

அந்த மீன் கூட்டங்களையே துரத்தி ஓடும் ஓங்கில்கள் (டால்பின்கள்) எத்தனை? அவற்றுக்கும் அப்பால், ஆழ்கடலில் மூச்சுவிட மேலே வரும் திமிங்கிலங்கள் எத்தனை? சென்னைக்கு எதிரே உள்ள கடலைப் பொறுத்தவரை, நம்பிச் சொல்லக்கூடிய எண் நம்மிடம் இல்லை.

நாம் அதிகம் எண்ணியது கரை ஒதுங்கியவற்றைத்தான். 1973 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் ஒதுங்கிய பைலட் திமிங்கிலங்கள் 147. 2016 ஜனவரியில் அதே பகுதியில் மீண்டும் 81 ஒதுங்கின. 45 இறந்துபோயின, மீனவர்களும் அதிகாரிகளும் சேர்ந்து 36ஐக் கடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நிகழ்வுகளும் துல்லியமாகப் பதிவாகியுள்ளன. ஆனால் இந்த 45 மரணங்கள் அந்தத் திமிங்கிலக் கூட்டத்துக்குப் பேரிழப்பா, தாங்கக்கூடிய இழப்பா? கடலில் மொத்தம் எத்தனை இருந்தன என்று தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

கோடு போட்டு எண்ணுவது

கடலில் உள்ள ஓங்கில்கள் அத்தனையையும் யாராலும் எண்ண முடியாது. அதனால் ஆய்வாளர்கள் வரைபடத்தில் கடலின் குறுக்கே கோடுகள் போடுகிறார்கள். எங்கே ஓங்கில் கிடைக்கும் என்று பார்த்துப் போடும் கோடுகள் இல்லை. கரையோரம், ஆழ்கடல், காலியான பரப்பு என எல்லாவற்றையும் சமமாகக் கடக்கும் கோடுகள். கப்பல் அவற்றின் மேல் ஒரே வேகத்தில் போகும். மேல்தளத்தில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், குறிப்பெழுத மூன்றாமவர். கண் சோர்ந்துவிடாமல் இருக்க முறை மாற்றிக்கொள்வார்கள்.

ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்ததும் ஜிபிஎஸ் இடமும் நேரமும் பதிவாகும். கப்பலின் மூக்கிலிருந்து அது எத்தனை பாகை விலகி இருக்கிறது என்பதைக் கோணப் பலகையில் பார்ப்பார்கள். தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்பதைத் தொலைநோக்கிக்குள் இருக்கும் அளவுக் கோடுகளில் படிப்பார்கள். கண் இருக்கும் உயரம் தெரிந்தால், இவ்விரண்டிலிருந்தும் அந்த விலங்கு கப்பல் பாதைக்கு எவ்வளவு பக்கவாட்டில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். கணக்கெடுப்பின் உயிர்நாடி அந்தத் தூரம்தான். அருகில் இருப்பது கண்ணில் படும், தள்ளி இருப்பது தவறும். எத்தனை தூரத்தில் எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்தால் பார்க்காததையும் மதிப்பிட முடியும். உதாரணத்துக்கு, 100 கிலோமீட்டர் கோட்டில் இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒழுங்காகப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். பரப்பு 200 சதுர கிலோமீட்டர். அதில் 20 ஓங்கில்கள் கொண்ட கூட்டங்கள் பத்து தென்பட்டால், சதுர கிலோமீட்டருக்கு ஒன்று.

இத்தனை செய்தாலும் கடல் ஏமாற்றும். ஸ்பின்னர் ஓங்கில் தண்ணீருக்கு மேலே எழும்பிச் சுழலும், அதைத் தவறவிட முடியாது. கரையோரம் வாழும் துடுப்பில்லாக் கடற்பன்றிக்கோ முதுகுத் துடுப்பே கிடையாது. சிற்றலை அடித்தாலே பார்வைக்குத் தப்பிவிடும். எண்ணெய்த் திமிங்கிலம் ஒரு மணி நேரம்கூட ஆழத்தில் இருக்கும், அதற்குள் கப்பல் கடந்து போய்விடும். அதனால்தான் நீருக்கடியில் ஒலிவாங்கியை இழுத்துச்சென்று, அது எழுப்பும் 'டிக் டிக்' ஒலியைக் கேட்டும் எண்ணுகிறார்கள்.

5,254 மணி நேரம்

இந்தியக் கடலில் இதற்கு நல்ல முன்னோடி ஒன்று உண்டு. 'சாகர் சம்பதா' ஆராய்ச்சிக் கப்பலில் 2003 அக்டோபர் முதல் 2007 பிப்ரவரி வரை, 35 பயணங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் தளத்தில் நின்று கடலைப் பார்த்தார்கள். மொத்தம் 5,254 மணி நேரம். தென்பட்டது 473 தடவை, 5,865 விலங்குகள். சராசரியாகப் பதினோரு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தால் ஒரு தடவை. தென்கிழக்கு அரபிக் கடலிலும் இலங்கைக்குத் தெற்கிலும்தான் அவை மிகுந்திருந்தன என்பது அதில் தெளிவாயிற்று. ஆனால் அந்தக் கப்பல் வேறு ஆய்வுகளுக்காகப் போனது. பார்வையாளர்கள் அதோடு சேர்ந்து போனவர்கள். எங்கே அதிகம் என்று அதை வைத்துச் சொல்லலாம், மொத்தம் எத்தனை என்று சொல்ல முடியாது.

அந்த மொத்தத்தைக் கேட்டது அமெரிக்கச் சந்தை. கடல் பாலூட்டிகள் வலையில் சாவதைத் தன்னைப் போலவே கட்டுப்படுத்தும் நாடுகளிடம்தான் மீன் வாங்குவேன் என்று 2016ல் அமெரிக்கா விதி கொண்டுவந்தது. கெடு பலமுறை தள்ளிப்போய் 2026 ஜனவரி 1 என்று நின்றது. அதையொட்டி ஆராய்ச்சி நிலையமும், 'ஃபிஷரி சர்வே ஆஃப் இந்தியா' என்ற மத்திய அரசு நிறுவனமும் கைகோத்து நாடு தழுவிய கணக்கெடுப்பில் இறங்கின. அந்நிறுவனத்தின் சென்னைத் தளம் இருப்பது ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குள்ளேயேதான்.

வலையில் சாவதைச் சொல்ல யார் துணிவார்?

சூரைக்காக இரவில் விடும் செவுள் வலையின் மெல்லிய நைலான் இழைகளை ஓங்கில்கள் பல நேரம் கண்டுகொள்வதில்லை. சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்தியப் பெருங்கடலின் சூரை செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கியிருக்கும் என்று 2020ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னை, காக்கிநாடா, மங்களூர் ஆகிய மூன்று இறங்குதளங்களில் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள். இன்று அப்படிப் பதிவு செய்வது இன்னும் கடினம். ஓங்கிலும் திமிங்கிலமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வலையில் செத்த ஓங்கிலைக் கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வரும் என்ற பயத்தில் அதைக் கடலிலேயே விட்டுவிட்டு வரத்தான் எந்தப் படகு டிரைவரும் நினைப்பார். சட்டம் சரியானதே. ஆனால் உண்மையைச் சொல்கிறவருக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் உண்மை கரைக்கே வராது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு மகாராஷ்டிர அரசு 2018 முதல் இழப்பீடு தருகிறது. திமிங்கிலச் சுறாவுக்காகக் குஜராத் அதற்கு முன்பே இதைச் செய்தது. காசிமேட்டுக்கும் இது வேண்டும். தற்செயலாகச் சிக்கியதைத் தெரிவிப்பவர் மீது வழக்கு இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதியும் வேண்டும்.

எண்ணியதால் மாறிய பாதை

எண்ணுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 1982 முதல் 1984 வரை 'துலிப்' என்ற பாய்மரப் படகில் சென்ற ஆய்வாளர்கள், திருகோணமலைக்கு அப்பால் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் உலகுக்குக் காட்டினார்கள். பின்னாளில் தென்கரையில் நடந்த கணக்கெடுப்பில், நீலத் திமிங்கிலங்கள் மிக அதிகமாக இருப்பது கப்பல்கள் வரிசைகட்டிப் போகும் பாதையில்தான் என்பது தெரிந்தது. பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வு சொன்னது. ஆஷா டி வோஸ் போன்ற இலங்கை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திய விஷயம் இது. 2022ல் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்எஸ்சி, தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது.

வட சென்னைக்கு இது அந்நியக் கதை இல்லை. மேற்கிலிருந்து எண்ணூருக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் வரும் பெரிய கப்பல்களுக்குப் பாக் நீரிணையில் ஆழம் போதாது. அவை இலங்கையைச் சுற்றி, அந்தத் திமிங்கிலக் கடலைக் கடந்துதான் நம் கரைக்கு வருகின்றன. இங்கே வந்த பிறகும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' ஆகிய இரு கப்பல்கள் மோதின. எர்ணாவூர் கரையில் தார்போல் ஒதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. கரையில் சேர்ந்த கசடை அளந்தோம். வெளிக்கடலின் ஓங்கில்களுக்கு என்ன ஆனது என்று ஒப்பிட்டுச் சொல்ல முந்தைய கணக்கு கையில் இல்லை.

ராயபுரத்திலிருந்தே தொடங்கலாம்

இதற்கு வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே இங்கே இருக்கிறது. ராயபுரத்தில் மத்திய அரசின் மீன்வளக் கப்பல் தளம். பள்ளிக்கரணையில், கடலின் இரைச்சலையே அளந்து பழகிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். காசிமேட்டில், எந்த நீரோட்டத்தில் எந்த மாதம் ஓங்கில் வரும் என்று அறிந்த டிரைவர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன. தடைக்காலத்தின் முதல் வாரங்களில், கடல் கொந்தளிக்காத நாட்களாகப் பார்த்து, அவற்றில் சிலவற்றை அரசு வாடகைக்கு எடுக்கலாம். கேபின் மேல் பார்வை மேடை கட்டி, பயிற்சி தந்த ஆய்வாளர்களோடு, சம்பளம் கொடுத்து, போட்ட கோட்டின் மேல் ஓட்டச் சொல்லலாம். வேலையில்லாத காலத்தில் மீனவர் வீட்டுக்கு வருமானம், ஆய்வுக்குக் கடலறிந்த கண்கள். அதே கோடுகளில் ஆண்டுதோறும் போனால்தான் கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியும். ஒரே ஒரு கணக்கெடுப்பு அதைச் சொல்லாது.

செலவில் துறைமுகங்களுக்கும் பங்கு உண்டு. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று அடுத்தடுத்து மூன்று துறைமுகங்கள் இருக்கும் கரை இது. இங்கே இனி எந்த விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டாலும், அந்த அறிக்கையில் வெளிக்கடலில் எல்லாப் பருவங்களிலும் எடுத்த திமிங்கில, ஓங்கில் கணக்கு இருந்தாக வேண்டும். அது இல்லாத அறிக்கையை ஆய்வுக் குழு திருப்பி அனுப்ப வேண்டும். பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் வட சென்னை மக்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.