காரைக்கால் மணமகளும் பிரெஞ்சு விசாவும்

1739ஆம் ஆண்டில் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இம்மண்ணில் பிறந்து வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்களாயினர். ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தோர் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தனர். ஒரே தெருவில் இரு நாட்டுக் குடிமக்களும் அண்டை வீட்டாராகவும் சம்பந்திகளாகவும் வாழும் நிலை இவ்வாறே உருவாயிற்று.

பிரெஞ்சுக் குடியுரிமையுடைய மணமகனுக்கு வாழ்க்கைப்படும் நம் பெண், கணவனுடன் பிரான்சில் வாழ நெடுங்கால விசா பெறுதல் வேண்டும். குடிமகனின் துணைக்கு அதனை மறுக்க மோசடி, திருமணச் செல்லாமை, பொது அமைதிக்கு ஊறு ஆகிய காரணங்களே சட்டத்தில் உண்டு. ஆயினும் பல பெண்கள் தாய் வீட்டிலேயே காத்திருக்க நேர்வதேன்? குறை பெரும்பாலும் விசா விண்ணப்பத்தில் அன்று. நிக்காஹ் நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நிக்காஹ்வுக்கு முன்

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமண அறிவிப்பு வெளியிடப்பெற்று, மணம் புரியத் தடையில்லை என்னும் சான்று முன்னதாகவே பெறப்படல் வேண்டும். இருவரும் பதினெட்டு வயது நிறைந்தோராதல் வேண்டும். முந்தைய திருமணம் நீங்காதிருக்க மற்றொன்று செய்வதைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை.

ஈண்டு சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிரெஞ்சுக் குடிமகன் அயல்நாட்டில் மணந்தாலும் அவர் நேரில் இருத்தல் வேண்டும் என்பது சிவில் சட்டத்தின் 146-1ஆம் விதி. வக்கீல் வைத்தோ தொலைபேசி வழியாகவோ நடைபெறும் நிக்காஹ், மார்க்க அறிஞரின் ஒப்புதல் பெற்றதாயினும், தூதரகத்தில் செல்லாது.

நிக்காஹ்வுக்குப் பின்

பள்ளிவாசல் தப்தரில் எழுதுவதோடு நில்லாது, அரசுப் பதிவேட்டிலும் திருமணத்தைப் பதிதல் வேண்டும். அச்சான்றைக் கொண்டு தூதரகம் தன் குடிநிலைப் பதிவேட்டில் அத்திருமணத்தை ஏற்றிக் குடும்ப ஏட்டினை வழங்கும். அதன் பின்னரே விசாவுக்கு வழி பிறக்கும். பிரான்சு சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அவ்விசாவை அங்கு உறுதிப்படுத்திக்கொள்ளுதலும் கடமையாகும்.

இம்முறைகளில் பெரிதும் இடர் தருவது பெயரே. ஒரே பெயர் தந்தையின் ஏட்டில் பிரெஞ்சு எழுத்து முறையிலும், மகளின் பள்ளிச் சான்றில் ஆங்கில முறையிலும் அமைகிறது. தலைப்பெழுத்து ஓரிடத்தில் குடும்பப் பெயராகிவிடுகிறது. இவற்றை ஒழுங்குபடுத்துவதற்கே மாதங்கள் கழிகின்றன.

குழந்தைகளும் பெற்றோரும்

பிரெஞ்சுக் குடிமகனுக்குப் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே அக்குடியுரிமை உடையது. அதற்கு வேண்டுவது விசா அன்று. தூதரகத்தில் பிறப்புப் பதிவே. முதிய பெற்றோரை அழைப்பவரோ, அவர்கள் தம் ஆதரவிலேயே வாழ்கின்றனர் என்பதை முறையாக அனுப்பிய பணத்தின் சான்றுகளால் மெய்ப்பித்தல் வேண்டும்.

மஹல்லா ஜமாஅத்தார் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கும்போதே, மணமகனிடம் தூதரகச் சான்றினைக் கேட்பது நன்று. கல்லூரி மாணவர்கள் தத்தம் தெருவில் இத்தாள்களை எழுத உதவுதல் சிறந்த சேவையாகும். ஒரு சான்றினை உரிய நேரத்தில் பெறுவது, ஒரு பெண்ணின் ஆண்டுக்கணக்கான காத்திருப்பைத் தவிர்க்கும்.