இருபத்தைந்து புள்ளிகள் ஒன்றாகும்போது

பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கிறது. மாணவர்கள் 300 படங்கள் எடுத்துவிடுகிறார்கள். ஆண்டு மலருக்காக அவற்றையெல்லாம் சிறிதாக்க வேண்டும். ஒவ்வொரு படமாகத் திறந்து சுருக்கிக்கொண்டிருந்தால் ஒரு நாள் போதாது. ஆனால், கணிப்பொறிக்கு ஒரே வரியில் கட்டளை எழுதிக் கொடுத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அதே வரியில் ஒரு சொல் மாறிப்போனால் 300 மூலப் படங்களையும் இழக்க நேரிடலாம்! எப்படி என்று பார்ப்போமா?

படம் என்பது எண்களே

கணிப்பொறியில் உள்ள படம், வரிசை வரிசையாக அடுக்கிய புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்சல்கள் என்பர். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்பதை 0 முதல் 255 வரையுள்ள மூன்று எண்கள் குறிக்கின்றன. 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். அதில் பக்கத்துக்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. இன்று கைப்பேசியில் எடுக்கும் 4000×3000 அளவுள்ள படத்திலோ 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்!

சுருக்குதல்

இந்தப் படத்தை 800×600 ஆகச் சுருக்குவோம். அகலமும் உயரமும் ஐந்தில் ஒரு பங்காகின்றன. ஆகவே, 25 புள்ளிகள் இருந்த இடத்தில் இனி ஒரே புள்ளிதான். அதற்கு என்ன நிறம் கொடுப்பது? எளிய வழி, 25 எண்களின் சராசரி.

வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி அகலமுள்ள கறுப்புக் கோடு இருக்கிறது என்று கொள்வோம். 25 புள்ளிகளில் 5 கறுப்பு; மதிப்பு 0. மீதி 20 வெள்ளை, மதிப்பு 255. சராசரி 204. கறுங்கோடு வெளிறிய சாம்பல் கோடாகிவிடும். இனி 204 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த ஐந்து புள்ளிகள் கறுப்பாக இருந்தன என்று சொல்ல முடியுமா? முடியாது. சுருக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்கினால் மங்கலாகத் தெரிவதன் காரணம் இதுவே.

வெட்டுதல்

வெட்டும்போது சராசரி எதுவும் இல்லை. வேண்டிய பகுதி அப்படியே நிற்கும், மற்றது நீங்கிவிடும். அகலம், உயரம், தொடங்கும் இடம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். கணக்குப் பாடத்தில் ஒய் அச்சின் மதிப்பு மேலே போகப் போகக் கூடும். இங்கே தொடக்கப் புள்ளி படத்தின் இடது மேல் மூலை; மதிப்பு கீழே போகப் போகக் கூடும்.

எதை முதலில் செய்வது? 1000×1000 புள்ளிகளில் அமைந்த ஒரு முகத்தை 500×500 அளவில் வெளியிட வேண்டும். முதலில் வெட்டிப் பின் சுருக்கினால் முகம் தெளிவாக இருக்கும். முழுப் படத்தையும் முதலில் 800×600 ஆக்கிவிட்டால் முகத்துக்கு 200×200 புள்ளிகளே மிஞ்சும்!

கட்டளையில் கவனம்

இந்த வேலைகளைச் செய்ய இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஜான் கிறிஸ்டி 1987இல் உருவாக்கிய இது 1990இல் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. நிரலின் பெயர், மூலப் படத்தின் பெயர், செய்ய வேண்டிய வேலை, புதிய படத்தின் பெயர் என்ற வரிசையில் கட்டளை அமையும். 800×600 என்று கொடுத்தால் அகல உயர விகிதம் கெடாமல் அந்த அளவுக்குள் படம் அடங்கும். எண்களுக்குப் பின் ஆச்சரியக்குறி இட்டாலோ, விகிதம் பாராமல் அந்த அளவுக்கே இழுத்துவிடும். வட்ட முகமும் நீள்வட்டமாகலாம்.

இதே மென்பொருளில் 'மேஜிக்' என்ற கட்டளை நாம் சொல்லும் புதிய பெயரில் படத்தை எழுதும். 'மோகிரிஃபை' என்ற கட்டளையோ, வேறு இடம் குறிப்பிடாவிட்டால், மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். முன்பு சொன்ன ஆபத்து இதுதான். எனவே, முதலில் மூலப் படங்களுக்கு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

வரைபடத் தாளில் 10×10 கட்டங்களுக்குள் ஓர் எழுத்தைக் கறுப்பாக எழுதுங்கள். நான்கு நான்கு கட்டங்களாகச் சேர்த்துச் சராசரி கண்டு, 5×5 கட்டங்களில் எண்களை நிரப்புங்கள். அந்த எண்களை மட்டும் நண்பரிடம் கொடுத்து, பழைய எழுத்தை அப்படியே வரையச் சொல்லுங்கள். மூலப் படத்தை ஏன் பாதுகாக்க வேண்டும் என்பது இருவருக்கும் விளங்கும்.