'மீண்டும் ஜீனோ': ஒரு தொடர்ச்சி நாவலின் தளர்ச்சி

முன்னுரை

தமிழகத்து வார இதழ்களின் தொடர்கதைகளை ஆவலோடு வாசித்த தலைமுறை ஒன்று பேராக் மாநிலத் தோட்டப்புறங்களிலும் ஈப்போ நகரிலும் இருந்தது. அத்தலைமுறை விரும்பிய எழுத்தாளர்களுள் சுஜாதா (1935–2008) குறிப்பிடத்தக்கவர். அவருடைய 'என் இனிய இயந்திரா' என்னும் அறிவியல் மர்ம நாவலும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வும் 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்தன. முதலாவது தந்த நிறைவை இரண்டாவது தரவில்லை என்பது நம் கருத்து. அதற்குரிய காரணத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வரிசையும் தொடர்ச்சியும்

வரிசை நாவலையும் தொடர்ச்சி நாவலையும் முதற்கண் வேறுபடுத்திக் காணல் வேண்டும். 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷ், பின்னர் வசந்துடன் இணைந்து பல கதைகளில் இடம்பெற்றார். அக்கதைகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குற்றம் உண்டு. வாசகர் எதிலிருந்தும் தொடங்கலாம். தொடர்ச்சி நாவலின் நிலை வேறு. முன்னது அவிழ்த்த முடிச்சை அது மீண்டும் போட இயலாது. பழைய கதையின் விளைவிலிருந்தே புதிய வினா ஒன்றை எழுப்பியாக வேண்டும்.

முதல் நாவலின் முடிச்சு

முதல் நாவல் 2021ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்தது. மக்களுக்கு ஈரெழுத்துப் பெயர்களும் அடையாள எண்களுமே உண்டு. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். ஜீவா என்னும் தலைவனுக்கு எதிரான சதிக்குள் நிலா என்ற எளிய பெண் இழுக்கப்படுகிறாள். ஜீனோ என்னும் இயந்திர நாய் அவளுக்குத் துணையாகிறது. ஜீவா என்றொரு மனிதனே இல்லை, அவன் வெறும் தோற்றம் என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

இம்முடிச்சு தோட்டப்புற வாசகருக்கு அந்நியமன்று. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்து நின்றோர் தண்டலையும் கிராணியையும் துரையையும் அறிவர். இலண்டனில் இருந்த முதலாளியின் முகத்தை அறியார். காணாத ஒருவரின் பெயரால் ஆளப்படுவது அவர்களுக்கு வெறுங்கற்பனையாக இருந்திருக்க இயலாது.

தொடர்ச்சியில் நேர்ந்தது

முதல் நாவலின் முடிவில் நிலா பெயரளவில் அரசியாகிறாள். அதிகாரமோ ரவி, மனோ ஆகியோரின் கைகளுக்குச் செல்கிறது. ஆண்டவன் போனபின் ஆட்சி யாருக்கு என்னும் பெரிய வினா இங்கே தானாகவே எழுகின்றது.

இவ்வினாவை மலாயாத் தோட்டங்கள் நேரில் சந்தித்துள்ளன. 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் ஆராய்ந்தார். வெள்ளைத் துரை போனார். ஆயினும் நிலம் தொழிலாளியை அடையவில்லை. தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் இழந்தோர் பலர். இந்நிலைக்கு மாற்றாகவே, பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

'மீண்டும் ஜீனோ' இவ்வினாவைத் தொட்டு, விரைவில் விலகிவிடுகிறது. ஆளப்படும் மக்கள் பின்னணிக்குச் செல்ல, அரண்மனைச் சூழ்ச்சிகளும் ஜீனோவின் குறும்புகளும் முன்னுக்கு வருகின்றன. சூழ்ச்சிக்காரர் யாவர் என்பது முன்பே தெரிந்தமையால் மர்மமும் குன்றுகிறது. முதல் நாவலில் ஜீனோவின் அறிவு சிறிது சிறிதாகப் புலப்பட்டு வியப்பூட்டியது. இரண்டாவதில் நாம் எதிர்பார்த்தே காத்திருக்கிறோம். வாசகரின் அன்பைப் பெற்ற ஒரு பாத்திரம், கதையின் சுமை முழுவதையும் தாங்க நேர்ந்ததே தளர்ச்சிக்குக் காரணம் எனலாம்.

எனினும், இயந்திரம் மனிதத் தன்மையை எய்துமா என்ற விசாரணை இந்நாவலில் ஆழம் பெறுகிறது. செயற்கை நுண்ணறிவு அன்றாடப் பேச்சாகிவிட்ட இந்நாளில் அப்பகுதி மறுவாசிப்புக்கு உரியது.

முடிவுரை

வெகுமக்கள் நாவல்கள் பாடத்திற்கு ஏற்றவையல்ல என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. நிறைவளிக்காத நாவலும் கற்பித்தலுக்குப் பயன்படும் என்பதே நம் துணிபு. இவ்விரு நாவல்களையும் ஒருசேர வாசிக்கும் மாணவரிடம், ஏமாற்றம் எந்த இடத்தில் தொடங்கியது என ஆசிரியர் வினவலாம். துரைமார் போனபின் தோட்டத்தில் நடந்தது என்னவென்று தம் தாத்தா பாட்டியரைக் கேட்டு எழுதிவரவும் பணிக்கலாம். சுஜாதா விட்டுச்சென்ற வினாவுக்கு அவர்களிடம் விடை இருக்கக்கூடும். அவ்விடையைச் சொல்ல வல்லோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.