செம்பனைக்குள் ஒரு காவலன்

மலேசியாவில் வாணிபத்துக்கெனச் செம்பனை முதன்முதலாக நடப்பெற்றது 1917-ஆம் ஆண்டில். இடம், கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம். பின்னர் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றில் ரப்பரும் தென்னையும் நின்ற இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்கொரு கொடிய பகையும் உண்டு.

அப்பகை, கானோடெர்மா என்னும் பூசணம். அது வேர்வழி நுழைந்து அடிமரத்தை உள்ளிருந்தே அழுகச் செய்யும். குருத்துகள் பல விரியாமல் நிற்பதும், மட்டைகள் ஒடிந்து தொங்குவதும், அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைப்பதும் அந்நோயின் அறிகுறிகளாம். இவை கண்ணுக்குப் புலப்படும்போது அடிமரத்தின் உட்பகுதி பெரிதும் அழிந்திருக்கும். நோய் முற்றிய மரத்தை மீட்கும் மருந்து இன்றளவும் இல்லை. கடலோர மண்ணிலும், முன்பு தென்னை நின்ற நிலத்திலும் இதன் கொடுமை மிகுதி.

எனினும் பூசணங்கள் அனைத்தும் பகையல்ல. நலமாக நிற்கும் செடியின் வேரிலும் தண்டிலும் இலையிலும் நோய் செய்யாமல் குடியிருக்கும் பூசணங்கள் உள. அவற்றை அகவாழ் பூசணங்கள் எனலாம். செடி அவற்றுக்கு உணவும் உறையுளும் அளிக்கிறது. அவற்றுள் பல, தம் இடத்தைப் பிறர் கவராதிருக்கச் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் செடிக்கும் காவல் கிடைக்கிறது. குடியிருப்பவன் வாடகைக்கு ஈடாக வீட்டைக் காப்பது போன்றது இது.

மலேசியச் செம்பனை வாரியம், ஹெண்டர்சோனியா என்னும் அகவாழ் பூசணத்தைக் கொண்டு உயிர் உரம் ஒன்றை உருவாக்கியுள்ளது. கானோடெர்மா நுழையுமுன் காவலனைக் குடியமர்த்துவதே இதன் நோக்கம். நோய் கண்டபின் தீர்ப்பதன்று.

மனிதர்க்கான மருந்தையும் இவ்வழியில் தேடுகின்றனர். புற்றுநோய் மருந்தாகிய டாக்சால், அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டறியப்பட்டது. பட்டை உரித்தால் மரம் மடியும். 1993-இல் ஸ்டியர்ல், ஸ்டிரோபெல் முதலிய ஆய்வாளர்கள், அம்மரத்துள் வாழும் பூசணம் ஒன்று அதே மருந்தை மிகச் சிற்றளவில் ஆக்குவதாக அறிவித்தனர். பிற்காலத்தார் சிலர் இதனை ஐயுற்றனர். செடியை விட்டுப் பிரித்துக் கூடத்தில் வளர்த்தால் பூசணத்தின் சுரப்பு நாளடைவில் குன்றிவிடுவது இத்துறையின் பெருந்தடையாகும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு: பூசணத்தின் ஆற்றல் அது வாழும் மரத்தோடு பிணைந்தது. ஆராயப்பட்ட செடிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அகவாழ் பூசணங்கள் காணப்பட்டுள்ளன. சிலாங்கூர் ஆற்றோரத்தில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரங்களும், கடற்கரைக் கண்டற் காடுகளும் இதற்கு விலக்கல்ல. மரம் வீழின், அதனுள் குடியிருக்கும் மருந்தும் அறியப்படாமலே மறையும்.