உப்பளத்து ஊதாப் புரதம்

உப்பு மிகுந்த நீரில் வாழும் ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் ஊதாநிறப் புரதம் ஒன்று உண்டு. பெயர் பாக்டீரியோரோடாப்சின், 1971-இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கேனியஸும் அறிவித்தது. ஒளி பட்டால் இது புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே தள்ளும். அந்த வேலைக்கு ஆதாரம், புரதத்தின் 216-ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கும் ரெட்டினால் என்ற நிறமூலக்கூறுதான். வெளிச்சத்தில் ஹைட்ராக்சிலமைன் சேர்த்தால் அது கழன்றுவிடும். ஊதா வெளுக்கும், வேலையும் நின்றுபோகும். ரசாயனம் புரதத்தையே கெடுத்திருக்கலாமே என்று கேட்டால், நியாயமான சந்தேகம்தான். ஆனால் புதிதாக ரெட்டினால் கொடுத்ததும் நிறமும் வேலையும் சேர்ந்தே திரும்புகின்றன. அதற்காக நிறம் இருந்தாலே போதும் என்றாகாது. ரெட்டினால் தன் 13-ஆவது கார்பனருகே திரும்பியாக வேண்டும். அப்படித் திரும்ப முடியாதபடி பூட்டிய செயற்கை ரெட்டினாலைப் பொருத்திப் பார்த்தார்கள்: நிறம் வந்தது, புரோட்டான் நகரவில்லை.